இன்டர்லாக்கனில் ஒரு பர்மியச் சட்டை

சுவிஸில் சூரிச்சுக்குப் பக்கத்து அட்லிஸ்வில், காலை 9.20. ஜூன் மாத ஞாயிறு. சில் ஆற்றின் மேல் மேகம் குந்தியிருந்தது. பெய்யவும் மாட்டாது, எழும்பிப் போகவும் மாட்டாது. பாதிக் கட்டண அட்டை இருந்தும் இன்டர்லாக்கன் போய்வர எழுபது பிராங்குக்கு மேல் முடிகிறது. இந்தக் காசுக்குச் சனம் பனிமலை பார்க்கப் போகும். நான் பர்மாக்காரர் உதைபந்து அடிப்பதைப் பார்க்கப் போனேன்.

அழைத்தவர் கணேசன். ரங்கூனில் பிறந்த தமிழர், இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல். முருகன் கோயில் தேரன்று அன்னதான வரிசையில் பழக்கமானார். “எங்க லீக் வரலாறு பூராவும் ஒரே நாள்ல பாத்துரலாம், வாங்க தம்பி” என்றார். ஐம்பதைக் கடந்தவனைத் தம்பி என்று கூப்பிட ஒருவர் கிடைத்தால் போகாமல் இருக்க முடியுமா?

சூரிச்சில் மாறி, பேர்ணைத் தாண்டி, தூண் என்னும் ஏரியின் கரையால் ரெயில் ஓடியது. ஏரி கழுவிக் கவிழ்த்த தட்டைப்போல் கிடந்தது. மலைகள் இருந்தன என்று நம்பவேண்டும், தெரியவில்லை.

இன்டர்லாக்கன், பகல் 12.40. கணேசன் ரெயில் மேடையில் நின்றார். மழைக்கோட்டைத் திறந்து காட்டினார். உள்ளே வெளிறிய நீலச் சட்டை. நெஞ்சில் வட்டம் வட்டமாய்ப் பர்மிய எழுத்து.

“என்ன எழுதியிருக்கு, அண்ணை?”

“கஸ்டம்ஸ். சுங்க இலாகா. நான் லெஃப்ட் பேக்.”

திடலுக்கு இரண்டு கிலோமீட்டர். பஸ் இருந்தது. நடக்கலாம் என்றார், வரலாறு சொல்ல. “முந்தி எங்க முதல் டிவிஷன்ல ஊரே கிடையாது தம்பி, இலாகாதான். சுங்கம், ரயில்வே, போலீஸ், நிதி. பந்து நல்லா அடிச்சா கிளார்க் வேலை. மத்தியானம் வரைக்கும் முத்திரை குத்தணும், அப்புறம் பயிற்சி.” தொண்ணூறுகளில் லீக்குக்குப் பிரீமியர் என்று புதுப்பெயர் வந்தபோதும் அணிகள் பெரும்பாலும் அதே இலாகாக்கள். 2009இல் எல்லாம் தலைகீழ். தேசிய லீக் என்று புதிதாகத் தொடங்கினார்கள். ஊருக்கும் மாகாணத்துக்கும் ஒரு கழகம், அதற்கொரு பணக்கார முதலாளி, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள். இலாகா அணிகள் ஒதுங்கிப்போயின. “அப்புறம் முழுநாளும் முத்திரைதான்” என்றார் கணேசன். அது பிடிக்காமல் நாட்டைவிட்டு வந்தவர்.

இங்கே சிதறிக் கிடக்கும் பர்மாக்காரர் ஆண்டுக்கொருமுறை கூடி ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். வயதானவர்கள் பழைய லீக், இளையவர்கள் புதிய லீக். கேட்க எவ்வளவு அழகாய் இருக்கிறது!

திடல், பிற்பகல் 2 மணி. பாதித் திடலில் புதுப்புல் விதைத்துக் கயிறு கட்டியிருந்தது. திடல் காவலர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்: நாலு மணிக்கு ஃபைராபெண்ட், அவருடைய வேலை முடிவு. உடைமாற்றும் அறைக்குள் ஆட்டக்காரர் எல்லாருடைய பைகளையும், மாற்றுச் சட்டைகளோடு, வைத்துப் பூட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்துக் கணேசன் மழைக்கோட்டைக் கழற்றினார். புதிய லீக்கிலிருந்து ஒரு பெண் அவரிடம் வேகமாய் வந்தாள். பெயர் தின். பேர்ணுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் இருக்கிறாள், மருத்துவமனைத் தாதி. சட்டையைக் காட்டிப் பர்மிய மொழியில் மூச்சுவிடாமல் கதைத்தாள். அரைவாசிப்பேர் அவளோடு சேர, மிச்சப்பேர் கணேசனோடு சேர்ந்தார்கள். பந்து தனியே சேற்றில் நனைந்தது.

“என்ன சொல்லுறா, அண்ணை?”

“மழை வரும்னு சொல்லுது.”

இன்னும் பத்து நிமிடம் கத்தினார்கள்.

“இப்ப?”

“பலமா வரும்ங்குது.”

தின் என் பக்கம் திரும்பினாள். ஜெர்மன் மொழியில், நிதானமாய்ச் சொன்னாள்: “இரண்டாயிரத்து இருபத்தொன்றில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது நான் அரசாங்க மருத்துவமனை வேலையை உதறிவிட்டு வீதிக்கு இறங்கினேன். அதற்குப் பிறகு பிடித்துப்போவார்கள் என்று வீட்டில் படுக்க முடியவில்லை. அந்த அரசாங்கத்தின் இலாகாப் பெயரை நெஞ்சில் போட்டவரோடு நான் பந்தடிக்கமாட்டேன். அவர் சட்டையை மாற்றட்டும், அல்லது நாங்கள் போகிறோம்.”

மணி மூன்றே கால். எனக்குப் பொறுமை போய்விட்டது. மேகத்தின்மேல், கயிற்றின்மேல், பூட்டின்மேல், எல்லாவற்றின்மேலும் கோபம். கணேசனைத் தனியே இழுத்தேன்.

“அண்ணை, உங்கட மழை எனக்கு விளங்கிட்டுது. ஒரு சட்டைக்காகப் பதினாறு பேரை நனைய விடுறீங்களோ? கழட்டுங்கோ. இல்லாட்டி நான் அடுத்த ரெயிலுக்குப் போறன்.”

“கோவிக்காதீங்க தம்பி.” முதன்முறையாகக் குரல் தணிந்தது. “புது லீக் வந்தப்ப ஆளாளுக்கு ஒரு ஊரு கிளப் கிடைச்சுது. நான் ரங்கூன்லயே பொறந்தவன், ஆனா என்னைப் பாத்தா ‘நீ எந்த நாட்டுக்காரன்’னுதான் எவனும் கேப்பான். இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு கிரவுண்ட்ல இறங்குனா எவனும் கேக்கமாட்டான். அது ஒண்ணுதான். இன்னும் ஒரு தடவை இதோட இறங்கிட்டா போதும்.”

எந்த நாட்டுக்காரன் என்று கேட்காத ஒரு சட்டையை முப்பது வருடமாக இந்த நாட்டுக் கடைகளில் நானும் தேடுகிறேன். தின்னிடம் போய் அவர் சொன்னதை ஜெர்மனில் அப்படியே சொன்னேன். அவள் பந்தைக் காலால் உருட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு கணேசனைப் பார்த்துப் பர்மிய மொழியில் ஒரு வசனம், ஒன்றே ஒன்று. அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அவள் தன் ஆட்களைத் திடலுக்குக் கூப்பிட்டாள்.

மணி மூன்றரை. பாதித் திடலில் குறுக்கே ஆடுவதென்று முடிவு. கோல் கம்பத்துக்கு நாலு சாமான் வேண்டும். மூன்று தண்ணீர்ப் போத்தல்தான் இருந்தது. என் பையைப் பார்த்தார்கள். உள்ளே கமரா, தரமாட்டேன் என்றேன். கணேசன் சட்டையைக் கழற்றினார், பொட்டலமாய்ச் சுருட்டினார், நாலாவது கம்பமாய்ப் புல்லில் வைத்தார். பெனியனோடு தன் இடத்துக்குப் போனார், இடது பக்கம், சட்டைக்குக் கிட்ட.

நல்ல ஆட்டம் என்று பொய் சொல்லமாட்டேன். ஒருவர் வழுக்கி விழ, இன்னொருவர் அவரைத் தாண்டப்போய் அவர்மேலேயே விழுந்தார். ஆனால் கணேசன் ஓடியபோது அந்த ஹோட்டல் குசினி அவர் முதுகிலிருந்து இறங்கிவிட்டது.

நாலு மணிக்குச் சற்று முன்பு தின் அவரைச் சுற்றி வெட்டிக்கொண்டு போய் அடித்தாள். பந்து சட்டைக்கு மேலால் பறந்தது. புதிய லீக் கோல் என்றது. பழைய லீக் கம்பத்தில் பட்டது, கோல் இல்லை என்றது. “கம்பம், கம்பம்!” என்று எனக்கு விளங்கவேண்டுமென்று தமிழிலும் கத்தினார் கணேசன். மறுபடி அதே சட்டையைச் சுற்றி அதே பதினாறு பேர். காவலர் வந்தார், விசில் ஊதினார், பைகளைத் தந்து எங்களை வெளியே விட்டுப் படலையைப் பூட்டினார்.

இன்டர்லாக்கன் நிலையம், மாலை 5 மணி. பேர்ண் வரைக்கும் தின்னும் நானும் ஒரே ரெயில். வழியனுப்ப வந்த கணேசனின் கக்கத்தில் சேறு பட்ட நீலப் பொட்டலம். தின் முதலில் ஏறினாள். நான் படியில் கால் வைக்க, அவர் என் கையைப் பிடித்தார்.

“தம்பி, அது உள்ளதான் போச்சு. கோல்தான்.”

“அதை அவளிட்டச் சொல்லுங்கோவன், அண்ணை!”

“அடுத்த வருஷம் வரட்டும், பாக்கலாம்.”

கதவு மூடியது. தின் கேட்டாள்: “என்ன சொன்னார்?”

கண்ணாடியில் தாரை தாரையாய் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவர் பொட்டலத்தை உயர்த்திக் கையசைத்தார்.

“மழை வருமாம்” என்றேன்.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அவருக்குத் திருப்பிக் கையசைத்தாள்.