ஓடைக்கு அந்தப் பக்கம்

மாட்டுங்கா சுந்தரராமன் ஒரு கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதை நெருங்கும் வயதில் அவருக்கு மிச்சமிருந்த பெருமை ஒன்றுதான்: செம்பூர் கோல்ஃப் மைதானத்தில் சனிக்கிழமைதோறும் ஆடும் நால்வரில் அவரும் ஒருவர்.

நால்வருக்குமே தூரப் பார்வை மங்கல். தாராவியிலிருந்து வரும் பூலோகம்தான் அவர்களுடைய ஆகேவாலா. முன்னால் போய் நின்று, பந்து விழுந்த இடத்தில் கையைத் தூக்குவது அவர் வேலை. அவர் கை தூக்கினால் அதற்கு மேல் பேச்சில்லை. யார் பந்து எவ்வளவு தூரம் வரும் என்பது அவருக்குப் பழக்கம். சுந்தரராமன் அடிக்க வந்தால் மட்டும் அவர் திரும்பி, ஆடுபவர்களை நோக்கி நடந்து வருவார். வருஷத்துக்கு வருஷம் அந்த நடை நீண்டது.

"ஓய், ஆகேவாலா உம்ம மடியிலேயே வந்து உக்காந்துடுவான் போலிருக்கே!" என்பார், நால்வரைக் கூட்டி நடத்தும் அனந்தகிருஷ்ணன்.

மழைக்கு முந்தைய வாரம் அவர் சிரிக்காமல் சொன்னார். "மழை விட்டு ஆரம்பிக்கறச்சே ஏழாவது ஹோல்ல ஓடையைத் தாண்டி அடிச்சா இரும். இல்லேன்னா உம்ம இடத்துக்கு என் மாப்பிள்ளை வெங்கி வரட்டும். அவனும் கேட்டுண்டே இருக்கான்."

சுந்தரராமன் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு ஜிம்மில் சேர்ந்தார். "கையால இல்ல அங்கிள், கமர் சே! இடுப்பு திரும்பணும்" என்று பயிற்சியாளர் தமன்னா விரட்டினாள். ரப்பர் பட்டையை இழுத்தார். கனப் பந்தைச் சுவரில் எறிந்தார். தூக்கத்தில் கால் இழுத்துக்கொண்டு அலறினார்.

"இந்த வயசுல பயில்வானாட்டம் எதுக்குன்னா இதெல்லாம்?" என்றாள் மனைவி ஷ்யாமளா.

"உனக்குப் புரியாது."

மழை விட்டது. தனியாக அடித்துப் பார்த்ததில் பழைய தூரம் திரும்பியிருந்தது. பூலோகத்திடம் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பந்து தலைக்கு மேலே போக, அவர் திரும்பி ஓடுவதை மற்ற மூவரும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

ஏழாவது ஹோலில் பூலோகம் வழக்கம்போல் நடந்து வந்து, மழைக்கு முன் நின்ற அதே இடத்தில் நின்றார். சுந்தரராமன் அடித்த பந்து எழும்பவில்லை. தாழ்வாக, வேகமாகப் போய் அவர் இடது கண்ணில் அடித்தது.

விரலிடுக்கில் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தார். "பந்து எங்க போச்சுன்னு பாக்கல சார்... மன்னிச்சிருங்க."

"இந்தப் பக்கம்தான் கிடக்கு" என்றார் அனந்தகிருஷ்ணன்.

"இவன் மேல படலேன்னா தாண்டியிருக்கும்! பூலோகம், நீ சொல்லு. தாண்டியிருக்குமா இல்லையா?" என்றார் சுந்தரராமன்.

"தாண்டியிருக்கும் சார். யாராவது ஆஸ்பத்திரிக்கு..."

"இவன் எது கேட்டாலும் ஆமாம்பான்."

பூலோகத்தை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். சுந்தரராமன் கெஞ்சி இன்னொரு பந்து அடித்தார். இடுப்பு அழகாகத் திரும்பியது. பந்து வெள்ளை வானத்துக்குள் ஏறி மறைந்தது.

"தாண்டிடுத்து!"

"யார் பார்த்தா?"

நான்கு பேரும் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் புல்லைக் கிளறியும் பந்து கிடைக்கவில்லை.

"கை தூக்க ஆளில்லாத பந்தை எப்படி ஓய் ஒத்துக்கறது? அடுத்த வாரத்துலேர்ந்து வெங்கி வரட்டும்."

வெங்கிக்கு நல்ல பார்வை. அதனால் வேறு ஆகேவாலா தேவைப்படவில்லை.

பூலோகத்துக்கு அந்தக் கண் போய்விட்டது. சுந்தரராமன் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார். ஆரஞ்சுப் பழங்களை வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்த முதல் பந்து... எவ்வளவு உயரத்துல வந்தது?"

"கண்ணு உயரத்துக்கு வந்துச்சு சார்."

அந்த உயரம் ஓடையைத் தாண்டப் போதுமா என்று யோசித்துக்கொண்டே அவர் படியிறங்கினார்.