ஜன்னலுக்குப் பிறகுதான் பூச்சு

தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன். தையல்காரர் பிசிறிய நைலான் நூலை லைட்டரால் சுட்டார். அந்தக் கருகல் வாசனை இருக்கிறதே, நேராக என்னை ஷா ஆலத்தில் நான் உதவியாளனாக இருந்த ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது.

அங்கே என் வேலை கண்ணாடிக் குழாய் சுடுவது. குழாய் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். வெளியே பழுப்பு நிறத்தில் ஒரு தோல். ஓரிடத்தில் அந்தத் தோலை லைட்டரால் சுட்டு எடுத்தால்தான் இயந்திரத்தின் ஒளி உள்ளே போகும். அந்த இடத்துக்கு ஜன்னல் என்று பெயர். படிப்பு எனக்குப் பள்ளிக்கூடத்து ஐந்தாம் படிவத்தோடு சரி. ஆனால் ஜன்னல் சுடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. நானே சொல்லிக்கொள்வதுதான்.

அங்கே மலர்விழி என்ற பெண் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கலந்து கிடக்கும் நாலு புரதங்களைக் குழாய்க்குள் விட்டு, மின்சாரம் பாய்ச்சிப் பிரிக்க வேண்டும். புரதமோ கண்ணாடிச் சுவரைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமலிருக்க உள்ளே ஒரு பூச்சு பூசுவாள். இரண்டு நாள் வேலை. அது முடிந்ததும் நான் ஜன்னல் சுடுவேன். அப்படியும் திரையில் தனித்தனிக் கோபுரமாக எழ வேண்டிய நாலும் வால் இழுத்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன.

“மூணாவது தடவைண்ணே. வெள்ளிக்கிழமை மத்தியானம் மெஷின வேற டிபார்ட்மெண்டுக்குத் தூக்கிடுவாங்க லா. அப்புறம் என் தீசிஸ் அவ்வளவுதான்.”

அன்று செவ்வாய்க்கிழமை. மாலையில் சுங்கை வேயில் என் எதிர்வீட்டு இரும்பு கேட்டில் ஒருவர் கொக்கி வைத்து வெல்டிங் செய்துகொண்டிருந்தார். மறுபக்கம் புதுப் பெயிண்ட் கொப்புளித்தது. “வீட்டுக்காரரு அவசரப்பட்டு அடிச்சிட்டாரு பாஸ். இந்தப் பக்கம் சுட்டா அந்தப் பக்கம் சும்மா இருக்குமா?” என்றார். வெளியே தோலைச் சுட்டால் உள்ளே பூச்சும் வெந்துதானே போகும். மூன்று தடவையும் பூச்சைக் கெடுத்தது என் லைட்டர்தான்.

மறுநாள் மலர்விழியிடம் போய், “ஜன்னல முதல்ல சுட்டுத் தரேன்மா. அப்புறம் பூசு,” என்றேன்.

“தோல் போன எடம் பூசுறப்பவே உடைஞ்சிடும்ணே.”

“நான் பிடிச்சிக்கிறேன். நீ பூசு.”

இரண்டு நாள் அந்தக் குழாயை வேறு யாரையும் தொட விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை நாலும் தனித்தனியாக, நெட்டுக்குத்தாக எழுந்து நின்றன. மலர்விழி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “நீங்க மேல படிச்சிருந்தா எனக்கு இங்க வேல இருந்திருக்காதுண்ணே,” என்றாள்.

அவள் ஆய்வேட்டில், பூசுவதற்கு முன்பே ஜன்னல் சுடப்பட்டது என்று ஒரு வரி உண்டு. அது என் வரி. இப்போது பூச்சும் ஜன்னலுமாகத் தயார் குழாய்களே பெட்டியில் வந்து இறங்குகின்றன. எதை முதலில் செய்வது என்று கேட்க வேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை.