பரண் விட்டத்துக் கயிறு

நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து மறுபடி உடம்பை வருத்துகிற ஆட்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அடுத்த வீட்டு ஜெயினுலாப்தீன் பாய் அப்படிப்பட்ட ஆள். தாராவியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தகரம்தான் சுவர். அவர் விட்டத்தில் தொங்கினால் என் இட்லிப் பானை ஆடும்.

தோல் கிட்டங்கியில் ஈரத்தோல் சுமக்கிற வேலை அவருக்கு. சாயங்காலம் திரும்பும்போது நடையே தள்ளாடும். வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு, பரணைத் தாங்கும் விட்டத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்து உடம்பை மேலே இழுப்பார். ஆள் குள்ளம், விட்டம் எட்டாது, அதனால் கயிறு. கொஞ்சம் பழகியதும் முதுகில் உப்பு மூட்டையைக் கட்டிக்கொண்டு இழுக்க ஆரம்பித்தார். மூட்டையோடு ஒரு நாளும் மேலே போய்ச் சேர்ந்ததில்லை.

"எதுக்குப் பாய் இந்த வேண்டாத வேலை? இருக்கிற உசுரும் போயிரப்போவுது" என்று கேட்டேன்.

"போன வருச மழையைப் பாத்தியள்லா, பேராச்சியக்கா" என்றார்.

பார்த்தேன்தான். அவர் மனைவி சாயிராவுக்குச் சின்ன வயசிலேயே வாதம் வந்து கால் இரண்டும் விளங்காது. கையை ஊன்றித் தரையில் நகர்ந்து போவாள். மழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் மாஹிம் உப்பங்கழித் தண்ணீர் எங்கள் சந்துக்குள் ஏறிவிடும். பரணுக்குப் போகிற ஏணியை வீட்டுக்குள் வைக்க யாருக்கும் இடம் கிடையாது, சந்தில்தான் சாத்தி வைப்போம். தண்ணீர் வந்தால் முதலில் மிதந்து போவது அந்த ஏணிதான். போன வருஷம் சாயிரா கட்டில்மேல் உட்கார்ந்தபடி நெஞ்சு வரைக்கும் நனைந்தாள். பாய் அவளைத் தூக்கிப் பார்த்துப் பரண் எட்டாமல், தண்ணீர் வடியும் வரை தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அடுத்த தடவை அவளை முதுகில் கட்டிக்கொண்டு ஏறிவிட வேண்டும். ராத்திரி தூக்கத்தில்கூட அவருக்கு அதுதான் நினைப்பு.

சாயிரா எனக்கு மாவு அரைத்துக் கொடுக்கிறவள். மாட்டுங்காவில் நான் விற்கிற இட்லி முழுக்க அவள் ஆட்டுரலில் ஆட்டிய மாவு. புருஷன் தொங்குவதைப் பார்த்தபடி ஆட்டிக்கொண்டே இருப்பாள், வாய் திறக்க மாட்டாள்.

அந்த வருஷம், அறுபத்தாறில், மழை பகலிலேயே வந்துவிட்டது. காலிப் பாத்திரத்தோடு நான் திரும்பியபோது சந்து முனையில் இடுப்பளவு தண்ணீர். பாயும் அப்போதுதான் ஓடி வந்தார். காலையிலிருந்து கிட்டங்கித் தோலையெல்லாம் தண்ணீருக்குத் தப்பவைக்க மேலே ஏற்றியிருக்கிறார்கள். அவர் கை இரண்டும் ஓய்ந்து தொங்கின.

பாய்க்குப் பின்னால் நானும் அவர் வீட்டுக்குள் நுழைந்தேன், கட்டில் முங்கிக் கிடந்தது. சாயிராவைக் காணோம். பாய் குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"இங்க இருக்கேன் மச்சான்."

பரண்மேல் இருந்தாள். பக்கத்தில் அரிசிப் பானை, அடுப்பு, அவருடைய மாற்றுக் கைலி.

பாய் கயிற்றைப் பிடித்து எம்பினார். பாதியில் வழுக்கித் தண்ணீரில் விழுந்தார். மறுபடி பிடித்தார், தோள் கேட்கவில்லை. கயிற்றில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். சாயிரா குப்புறப் படுத்துக் கையை நீட்டி, அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மேலே போட்டாள். அடுத்து என்னையும். நான் லேசுப்பட்ட உடம்பு இல்லை.

"எப்படிப் புள்ள ஏறுன?" என்றார், மூச்சு வாங்கியபடி.

"நீங்க வேலைக்குப் போனப்புறம் கட்டில்லேர்ந்து இந்தக் கயித்தைப் புடிச்சுத் தெனமும் ஏறி எறங்குவேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா விழுந்துருவேன்னு கயித்தை அவுத்துப்புடுவீங்க."

அவுத்திருப்பார். அவருக்கும் அது தெரியும். கீழே தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. மூன்று பேருக்கும் கால் நீட்ட இடமில்லை. அவர் மெதுவாக அவள் புஜத்தைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார், சந்தையில் எதையோ பார்க்கிற மாதிரி. இரண்டாவது தடவையும் அமுக்கிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"இத்தனை வருசமா இந்தக் கை ஆக்கிப்போட்டதைத்தான் தின்னுருக்கேன், இதோட பலத்தை அறியலையே" என்றார் என்னிடம்.