லிட்டருக்குப் பன்னிரண்டு

நாற்பத்து நான்காவது வயதில் நான் ஒரு கார் வாங்கினேன். இரண்டு லிட்டர் பெட்ரோல் இன்ஜின், டர்போ, ஆறு கியர், கருஞ்சாம்பல் நிறம், எனக்கு முன் ஒரே ஒரு சொந்தக்காரர். அதுவரை எனக்கென்று வாங்கியவை எல்லாம் தேவைப்பட்ட பொருள்கள்: மூக்குக் கண்ணாடி, கைப்பேசி, ஆபீசுக்கு நாலு புடவை. இந்தக் கார் தேவைப்படவில்லை. காக்கநாட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் பஸ் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் தோப்பும்படி வரைக்கும் வரும். இருந்தும் வாங்கினேன். ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்குள் அந்த வண்டி நுழைந்தால் எதிரே சைக்கிள்கூட வர முடியாது. இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கிக்கொண்டு, மிளகு மூட்டை இறக்கும் வண்டிகள் நகரும்வரை காத்திருந்து, வீட்டு வாசலுக்கு வர வேண்டும். ஆறு நொடியில் நூறைத் தொடும் கார் கடைசி முந்நூறு மீட்டரைக் கடக்க ஆறு நிமிடம் எடுத்துக்கொள்ளும். தெருவில் இதைப் பற்றி எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை.

என் கணவர் வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் இருக்கிறார். அவருடைய ஸ்கூட்டர் லிட்டருக்கு ஐம்பது தரும். அவர் அதைச் சொல்லிக் கேட்டால் பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொல்கிறார் என்று நினைக்கத் தோன்றும். என் கார் முதல் மாதம் தந்தது எட்டு புள்ளி நான்கு. அதை நான் மறைக்கவில்லை. மறைக்காததுதான் வினையானது.

ஒரு நாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"வண்டி வச்சுக்கறதுல எனக்கு விரோதம் ஒண்ணுமில்லை. ஆனா எட்டு கிட்டற வண்டியிலயா தினமும் ஆபீஸ் போறது? ஒரு பன்னெண்டாவது கிட்டணும். கிட்டலேன்னா வித்துடலாம்."

"கிட்டினா?"

"அப்புறம் அந்த வண்டியப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன்."

மூன்று டாங்க், மூன்றின் சராசரி என்று நான் நிபந்தனை போட்டேன். செரி என்றார். அவ்வளவு சுலபமாகச் செரி என்றதிலிருந்தே பன்னிரண்டு வராது என்று அவர் விசாரித்து வைத்திருக்கிறார் என்று புரிந்தது. எங்கள் வீட்டுப் பேச்சு பாதி பாலக்காட்டுத் தமிழ், பாதி மலையாளம். ஆனால் ஒப்பந்தம் என்று வந்துவிட்டால் இரண்டு பேரும் வக்கீல்கள்.

என் தொழில் மென்பொருளைச் சோதிப்பது. மற்றவர்கள் 'சரியாக இருக்கிறது' என்று அனுப்பும் எண்களில் எது தப்பு என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவதற்குத்தான் சம்பளம். அதனால் மைலேஜை அளப்பது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. வண்டியின் திரையில் ஒரு சராசரி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அது தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் எண் என்பதால் முதல் நாளே தள்ளிவிட்டேன். பெட்ரோலை டாங்கிலிருந்து டாங்குக்கு அளப்பது என்று முடிவு செய்தேன். ஒரே பங்க், ஒரே குழாய், வண்டி நிற்கும் இடம்கூட ஒன்றே. குழாய் தானாக 'டக்' என்று நின்றால் அதோடு நிறுத்திவிட வேண்டும். அடுத்த முறை மறுபடி 'டக்' என்று நிற்கும்வரை எத்தனை லிட்டர் போகிறதோ, அதுதான் குடித்தது.

பங்க்கில் பெட்ரோல் போடும் பெண்ணுக்கு இது பெரிய தொல்லையாக இருந்தது. குழாய் நின்றதும் தொகையை முழு எண்ணாக்க இன்னும் கொஞ்சம் விடுவது அவள் வழக்கம்.

"சேச்சி, ரவுண்ட் ஆக்கட்டே?"

"வேண்டா."

"குறச்சு மாத்ரம், சேச்சி."

"ஒரு துளி வேண்டா."

மூன்றாவது தடவை நான் வண்டியை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவள் குழாயை எடுத்து மாட்டிவிட்டு, பக்கத்துக் குழாய்க்காரியிடம் கண்ணைக் காட்டினாள். எனக்குப் பைத்தியம் என்று அர்த்தம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

லிட்டர் சரியாகிவிட்டது. தூரம்தான் சிக்கல். பழைய சொந்தக்காரர் அழகுக்காகக் கொஞ்சம் பெரிய டயர் போட்டிருந்தார். டயர் பெரிதானால் மீட்டர் குறைத்துச் சொல்லும். கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு மூன்று குறைந்தது. மூன்றைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு அது போதவில்லை. கைப்பேசியில் வானத்துச் செயற்கைக்கோளைப் பார்த்துத் தூரம் சொல்லும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டேன். வீட்டு வாசலில் தொடங்குவது, ஆபீஸ் வாசலில் நிறுத்துவது. வானத்திலிருந்து பார்த்துச் சொல்வதைவிடக் கறாரானது என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு எண்ணை உயர்த்தும் வேலை. வண்டி ஓடி டயர் சூடான பிறகு காற்றைப் பார்த்தால் ஏமாற்றும் என்பதால், காலையில் வண்டி அசைவதற்கு முன் வீட்டிலேயே பார்த்தேன். டிக்கியில் கிடந்த கோயில் சங்கத்து மடக்கு நாற்காலிகளையும் ஓர் அரிசி மூட்டையையும் இறக்கினேன். ஏசியை நிறுத்தினேன். மழைக்கு முந்தைய கொச்சியில் ஏசி இல்லாமல் போவது என்றால் ஆபீசில் போய் முதலில் ரவிக்கை மாற்ற வேண்டும். பையில் இன்னொன்று வைத்துக்கொண்டேன்.

இவை எல்லாம் சேர்ந்து எட்டு புள்ளி நான்கை ஒன்பதே கால் ஆக்கின. அதற்கு மேல் நகரவில்லை. வைட்டிலா சிக்னலில் வண்டி நின்றுகொண்டே குடிக்கும்போது டயரில் எத்தனை காற்று இருந்தும் பலனில்லை. அதனால் வழியையே மாற்றினேன். ஃபோர்ட் கொச்சியில் ஜங்காரில் வண்டியை ஏற்றி எதிர்க்கரை வைப்பினில் இறங்கி, பாலங்கள் தாண்டி கண்டெய்னர் ரோட்டைப் பிடித்துக் களமசேரி வழியாகக் காக்கநாடு. தூரம் கூடுதல், ஆனால் சிக்னல் கிடையாது. ஜங்கார் என்பது கார், ஸ்கூட்டர், ஆட்டோ, மனுஷர் எல்லாம் ஒன்றாக ஏறும் தட்டைப் படகு. அதில் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கலாம். ஆறரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பினேன். கண்டெய்னர் ரோட்டில் ஆறாவது கியரில், மணிக்கு அறுபது, பெடலில் கால் இருப்பதே தெரியாமல். லாரிகள் என்னைத் தாண்டிப் போயின. ஒரு மீன் வண்டி ஹாரன் அடித்துத் தாண்டிப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு அறுபதிலேயே போனேன்.

வாரத்துக்கு மூன்று நாள் ஆபீஸ். இந்த வழிக்கு மாறிய பிறகுதான் கணக்கைத் தொடங்கினேன்; மூன்று டாங்க் தீர இரண்டு மாதம் ஆனது. மொத்தம் ஆயிரத்து நானூற்று நாற்பது கிலோமீட்டர், நூற்றுப் பத்தொன்பது லிட்டர். பன்னிரண்டு புள்ளி ஒன்று.

கணவர் நோட்டை வாங்கி மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். கால்குலேட்டரில் ஒரு தடவை வகுத்தார். பிறகு இன்னொரு தடவை.

"செரி. நீ ஜெயிச்சுட்டே," என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிற மனிதர். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்கே எழுதினால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமையும் பழக்கத்தில் செயலியை ஓடவிட்டுக்கொண்டு ஜங்காரில் ஏறினேன். வழக்கமாகப் படகில் வண்டிக்குள்ளேயே இருப்பேன். அன்று ஜெயித்த மிதப்பில் இறங்கி, கையில் போனோடு காற்று வாங்கிக்கொண்டு நின்றேன். நீரோட்டம் பலமாக இருந்ததால் படகு ஒரு பக்கமாக வளைந்து போனது. வண்டி பக்கத்தில் இன்ஜின் அணைந்து நிற்கிறது. கையில் கிலோமீட்டர் ஓடுகிறது. இரண்டு புள்ளி ஒன்பது, மூன்று புள்ளி ஒன்று, மூன்று புள்ளி நான்கு.

இரண்டு மாதமாக ஜங்கார் ஓடிய தூரத்தை எல்லாம் என் கார் ஓடியதாக எழுதி வைத்திருக்கிறேன். ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லாத கிலோமீட்டர்கள். படகில் காயலைத் தாண்டி வேலைக்குப் போகிறவள் செய்யக்கூடிய தப்பு. ஆனால் இதே தப்பை ஒருவர் வேலையில் செய்து அனுப்பியிருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பியிருப்பேன்.

ஒரு தடவை கடக்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், போக வர நாற்பத்தெட்டு தடவை. செயலி பழைய பயணங்களை எல்லாம் சேமித்து வைத்திருந்தது. ஆபீசில் மதியம் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் தண்ணீர்மேல் போன பகுதியைக் கழித்தேன். நாற்பத்தேழு கிலோமீட்டர் போனது. பதினொன்று புள்ளி ஏழு. நம்பிக்கை இல்லாமல் வண்டியின் மீட்டரை எடுத்து மூன்று சதவீதம் கூட்டிப் பார்த்தேன். அதுவும் பதினொன்று புள்ளி ஏழு.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. கணவர் ஒரு நாளும் அந்தச் செயலியைத் திறக்கப்போவதில்லை. ஆனால் நோட்டு சமையலறை அலமாரியில் இருந்தது. டீத்தூள் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டது. மூன்றாம் நாள் காலை டீயோடு விஷயத்தையும் வைத்தேன்.

அவர் முழுவதும் கேட்டார்.

"அப்போ பதினொண்ணு ஏழு."

"ஆமா."

"பன்னெண்டுதானே பேசினது."

"ஆமா."

போட்டும் விடு என்று சொல்வார் என ஒரு நொடி எதிர்பார்த்தேன். டீயைக் குடித்தார். எனக்குக் கோபம் வந்தது, பாதி அவர்மேல், பாதி உண்மையைச் சொல்லித் தொலைத்த என்மேல். அன்று சாயங்காலமே வண்டியை நாலு பக்கமும் படம் பிடித்து விற்பனைக்கு என்று நானே போட்டேன். கெஞ்சுவது எனக்கு வராது.

ஆலுவாவில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டுவரச் சொன்னார். கணவரும் வந்தார். கார் விற்கப் போனால் பெண்ணிடம் யாரும் நேராகப் பேச மாட்டார்கள், அதற்காக. இத்தனை நாளில் அவர் அந்த வண்டியில் எங்கள் தெருவையும் தோப்பும்படியையும் தாண்டி வந்ததில்லை.

ஜங்காரில் கடந்து வைப்பினில் இறங்கி, பாலங்களைத் தாண்டி, கண்டெய்னர் ரோட்டுக்கு வந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. இனி அளப்பதற்கு எதுவும் இல்லை. ஏசியைப் போட்டேன். இரண்டாவது கியருக்கு இறக்கிப் பெடலை முழுவதும் மிதித்தேன்.

முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. பலகையில் எழுதியிருக்கும் வேகத்தை நான் தாண்டவில்லை; அதைத் தொட்ட விதம்தான் வேறு. முன்னால் போன கண்டெய்னர் லாரி பக்கத்தில் வந்து, பின்னால் போய், கண்ணாடியில் சின்னதாகிவிட்டது. கணவர் கதவுக்கு மேலே இருக்கும் பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் மெதுவாக்கி, மறுபடி மிதித்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்காகத்தான் வாங்கினேன் என்பது இரண்டு மாதம் கழித்து அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

"இது எப்பவும் இப்படிப் போகுமா?" என்று கேட்டார்.

"போகும்."

"பின்னே நீ ஆபீஸ் போறச்சே இப்படியா போவே?"

"இல்லை. இப்படிப் போனா பன்னெண்டு கிட்டாது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். களமசேரி வரும்வரை பிடியை விடவில்லை.

டைல்ஸ் கடைக்காரர் நல்ல மனிதர். எங்களுக்குச் சாயா வரவழைத்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து டயரைப் பார்த்தார், பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டார், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து முகம் மலர்ந்து நின்றார். வண்டி போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நோட்டைக் கையிலேயே கொண்டு போயிருந்தேன். கேட்டால் பதினொன்று புள்ளி ஏழு, எப்படி அளந்தேன் என்பது உள்பட, வரி வரியாகக் காட்டுவதற்கு.

அவர் கேட்டார். என்னிடம் அல்ல, என் கணவரிடம்.

"சேட்டா, மைலேஜ் எத்ர கிட்டும்?"

"ஆறு," என்றார் என் கணவர்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சாயா கிளாசை மேஜையில் வைத்துவிட்டு, "ஏசி இட்டால் அஞ்சு," என்று சேர்த்தார்.

கடைக்காரர் முகம் விழுந்தது. நம்ப முடியாமல் என் பக்கம் திரும்பினார். "சேச்சி, சத்யமாணோ? ஆறே உள்ளோ?"

நோட்டைப் புடவை மடிப்புக்குள் தள்ளிக்கொண்டேன்.

"மழையத்து அதும் கிட்டில்ல," என்றேன்.