பெருநாள் கிண்ணத்துக்கு யாரிடம் அனுமதி?

தலைமன்னாரில் ஒரு பெண்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு நான் செயலாளர். என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, போன் எடுக்கிற வேலை என்று சொல்வேன். அந்தப் பக்கம் ஒருவரும் எடுக்காவிட்டால் திரும்ப எடுக்க வேண்டும். எடுத்தவர் இன்னொருவருடைய நம்பரைத் தந்தால் அவருக்கு எடுக்க வேண்டும். பந்து, சப்பாத்து, பயிற்சி எல்லாவற்றையும் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். பகலில் நான் மீனவர் சங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக். கதிரையில் இருந்தபடியே ஆளை அடுத்த கதிரைக்குத் தள்ளிவிடும் வித்தை எனக்கும் தெரியும். தெரிந்தபடியால்தான் இந்த விசயத்தில் எனக்கு இவ்வளவு ஆத்திரம்.

எங்களுக்கு மேலே மாவட்ட லீக். அதன் தலைவருக்கு மன்னார் ரவுணில் இரும்புக் கடை இருந்தது. லீக் அறையின் திறப்பும் ரப்பர் முத்திரையும் அந்தக் கடை மேசை லாச்சிக்குள்தான் கிடக்கும். லீக்குக்கு மேலே கொழும்பு. அங்கிருக்கும் தேசியச் சங்கத்தின் முழுப் பெயரை ஒருவரும் சொல்வதில்லை, கொழும்பு என்றாலே போதும். விதி எழுதுவது கொழும்பு, பிள்ளைகளைப் பதிவது லீக், வெயிலில் நின்று சுண்ணாம்புக் கோடு போட்டு, மைதானத்தில் படுத்திருக்கும் கழுதைகளை எழுப்பி விரட்டுவது நாங்கள். யார் எதற்குப் பொறுப்பு என்று ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கோல்கீப்பர் என் அக்காவின் மகள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். கோல் கம்பத்துக்குக் கட்டும் வலையே அவர் கழித்துவிட்ட பழைய வலைதான். அவள் அதைத் தானே பொத்தல் பார்த்துத் தானே கட்டுவாள், வேறு யாரையும் தொட விடமாட்டாள். வாய்க்காரி. பந்தைக் கண்டால் மட்டும் வாயை மூடுவாள்.

எங்கள் கோயில் பெருநாளுக்குக் கொடியேறினால் கிண்ணப் போட்டியும் தொடங்கிவிடும். சில வருசங்களாகப் பெண்களுக்கும் வைக்கிறோம். கிண்ணம் ஒன்றே ஒன்றுதான். வென்ற அணி அதை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. வேர்வையும் மண்ணுமாக அப்படியே கோயிலுக்குள் போய், ஊரின் பாதுகாவலரான புனிதரின் சுரூபத்தடியில் வைத்துவிட்டு வரும். பெருநாள் முடிந்ததும் கோயில் மூப்பர் அதைத் துடைத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார். கிண்ணம் புனிதருடையது, ஆகவே ஆட்டமும் புனிதருடையது. அதற்குப் போய் லீக்கிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. கொடி ஏறியாயிற்று, ஃபாதர் மைதானத்தில் தீர்த்தம் தெளித்தாயிற்று, இனி யாரைக் கேட்பது?

அந்த வருசம் தோட்டவெளிப் பிள்ளைகளோடு இறுதி ஆட்டம். கோல் விழவில்லை, பெனால்டிக்குப் போனது. சோளகக் காற்று சாத்துகிற நாட்களில் எங்கள் மைதானத்தில் பந்து நேரே வருவதுபோல வந்து கடைசியில் கடல் பக்கம் வளைந்துவிடும். அவள் அந்த வளைவுக்குக் காத்திருந்து பாய்ந்தாள். மூன்றைப் பிடித்தாள். பந்தடிக்கிறவர்களுக்குப் பின்னால் நின்ற யாரோ ஒரு பெடியன் அதைப் போனில் எடுத்து, புனிதரின் படத்தையும் ஒட்டி, பேஸ்புக்கில் போட்டுவிட்டான்.

அந்த வீடியோவைக் கொழும்பில் பயிற்சியாளர் ஒருவர் பார்த்துவிட்டார். எனக்குப் போன் வந்தது. பத்தொன்பது வயதுக்குக் கீழே தேசியப் பயிற்சி முகாமுக்கு அவளை அனுப்பச் சொன்னார். அந்த வயதுப் பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசி வருசம். முகாமில் தேறினால் நாட்டுக்கு ஆடலாம், பிறகு ஒரு வேலைகூடக் கிடைக்கலாம். அக்கா அழுதாள். அத்தான் கடலுக்குப் போகாமல் பஸ் ஏறிப் போய்ச் சிவப்பு நிறத்தில் ஒரு பயணப் பை வாங்கி வந்தார். அந்த நாட்களில் நான் கந்தோரில்கூட ஒருவருடனும் கோபிக்கவில்லை.

பிறகு லீக் தலைவர் எடுத்தார்.

"தங்கச்சி, ஒரு சின்னப் பிரச்சினை. அந்த வீடியோவிலை இருக்கிறது எந்தப் போட்டி எண்டு கொழும்பிலை கேக்கினம்."

"பெருநாள் கிண்ணம் அண்ணை. நீங்களும் ஒருக்கா வந்து பாத்தனீங்கள்தானே."

"ஓம், அது சரி. ஆனால் அனுமதி எடுக்காத போட்டி. பதிஞ்ச ஆக்கள் அப்பிடி விளையாடினால் ஒரு வருசத் தடை. விதி அப்பிடி."

அணியில் எல்லோரும்தானே விளையாடினார்கள், அப்படியென்றால் எல்லோருக்கும் தடையா என்று கேட்டேன். "மற்றவையின்ரை முதுகுதான் தெரியுது. முகம் தெரியிறது இவவின்ரை மட்டும்தான்" என்றார். கோல்கீப்பர் முகத்தைக் காட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அவளைத் தெரிவுசெய்ய வைத்த அதே வீடியோவே அவளைத் தடைசெய்யவும் போதுமாக இருந்தது.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு இரும்புக் கடைக்குப் போனேன். தடை போட்டது கொழும்பு, தங்களால் ஒன்றும் செய்ய ஏலாது என்றார் தலைவர். கொழும்புக்கு எடுத்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கதையைச் சொல்லி முடிக்க முன்னமே, நாளைக்கு எடுங்கோ என்று வைத்தார்கள். நாளைக்கும் அதைத்தான் சொன்னார்கள். கடைசியில் தமிழ் தெரிந்த ஒருவர் அகப்பட்டார். லீக் சொல்லித்தான் தடை போட்டோம், லீக் கேட்டால் எடுத்துவிடுவோம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, திரும்பவும் கடைக்கு ஓடினேன்.

"லீக் கேக்கிறதெண்டால் குழு கூட வேணும் தங்கச்சி. எங்கடை குழுவின்ரை காலம் முடிஞ்சு போச்சு. புதுத் தெரிவு வைக்க வேணும்."

"அப்ப வையுங்கோவன் அண்ணை."

"கொழும்பிலையிருந்து ஒரு ஆள் வந்து பாக்க வேணும். அவை அனுப்பினால்தான் வைக்கலாம்."

கொழும்புக்கு எடுத்தேன். ஆளை அனுப்புவதற்குக் குழு கூடித் தீர்மானித்துக் கேட்க வேண்டுமாம். கூட முடியாத குழு கூடிக் கேட்டால்தான் அந்தக் குழுவுக்குப் பதிலாக வேறொன்றைத் தெரிவுசெய்ய முடியும். நான் போனை மேசையில் வைத்துவிட்டுக் கத்தினேன். மீன் விலை கேட்க வந்து நின்ற கிழவர் ஒருவர் பயந்து வெளியே போய்விட்டார்.

ஃபாதரிடம் போனேன். அவர் இளம் குருவானவர், தானும் உதைபந்து ஆடியவர். "இது போட்டியில்லை, புனிதருக்கு ஊராக்கள் வைச்ச நேர்த்தி எண்டு நான் எழுதித் தாறன், கொண்டுபோய்க் குடுங்கோ" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைவர் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நேர்த்தியெண்டால் என்னத்துக்குப் பெனால்டி அடிச்சவை?"

கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். வெயிலுக்குள் வந்திருக்கிறாய் என்று ஒவ்வொரு முறையும் எனக்குச் சோடா வாங்கித் தந்தார். கொழும்பில் கதைத்தவரும் கெட்டவர் இல்லை. ஒருவரும் அவளைத் தண்டிக்க ஆசைப்படவில்லை. ஆனால் தடையை எடுக்கிற அதிகாரம் தன்னிடம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளவும் ஒருவரும் ஆயத்தமில்லை. திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் அகப்படாத கோபம் இருக்கிறதே, அது ஆளைத் தின்றுவிடும்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் அவள் கடற்கரையில் அக்காவோடு கருவாடு புரட்டிக்கொண்டு நின்றாள். நான் போனதும் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"சின்னம்மா, ஆரிட்டை மன்னிப்புக் கேட்டால் விடுவினம்?"

"நீ என்ன பிழை செய்தனீ, மன்னிப்புக் கேக்க?"

"பிழை செய்யேல்லை எண்டு தெரியும். ஆரிட்டைக் கேக்கிறது எண்டுதான் கேக்கிறன்."

நானும் குனிந்து கருவாடு புரட்டினேன். முகாம் தொடங்கியது. அவளுடைய இடத்துக்கு வேறொரு பிள்ளை போனதாக அறிந்தேன். சிவப்புப் பைக்குள் அத்தான் தூண்டில் சாமான்களை வைக்கத் தொடங்கினார். அதைக் கண்ட அன்று நான் சோறு தின்னவில்லை.

அடுத்த பெருநாள் கிட்டியது. இந்த முறை எந்தப் பிள்ளைக்கும் இப்படி நடக்கக் கூடாது என்று ஃபாதரும் மூப்பரும் நானும் இருந்து கதைத்தோம். அனுமதி கேட்பதென்று முடிவாயிற்று. நான் தலைவருக்குப் போன் எடுத்தேன், வழமைபோல இழுத்தடிப்பார்கள் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் எடுத்தேன். அனுமதி ஒரே போனில் கிடைத்தது.

"தாராளமாய் வையுங்கோ தங்கச்சி. கொழும்புக்கும் நான் சொல்லிவிடுறன். எங்களையும் ஒருக்காக் கூப்பிடுங்கோ, அவ்வளவுதான்."

குழு இல்லை, கூட்டம் இல்லை, கொழும்பிலிருந்து ஆள் வரத் தேவையில்லை. எனக்குச் சந்தோசப்படத் தெரியவில்லை. அதற்குள் அவர் இன்னொன்றையும் சொன்னார். இது இனி லீக் அங்கீகரித்த போட்டி, ஆகவே தடையிலுள்ளவர்கள் இதில் ஆட முடியாது. அவளுடைய தடை முடிய இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. பெருநாளைத் தள்ளி வைக்கச் சொல்லிப் புனிதரிடம் கேட்க முடியுமா?

இறுதி ஆட்டம் திரும்பவும் தோட்டவெளியோடுதான். கதிரைகளுக்கு வெள்ளைச் சீலை விரித்து, தலைவருக்கும் கூட வந்த இருவருக்கும் மாலை போட்டோம். கொழும்பிலிருந்தும் ஒருவர் வந்திருந்தார். ஒரு வருசமாக வர முடியாமல் இருந்தவர்கள், மாலை போடுகிறோம் என்றதும் வந்துவிட்டார்கள். காலையிலேயே அவள் வந்து வலையைக் கட்டிவிட்டிருந்தாள். பிறகு கோட்டுக்கு வெளியே, கோல் கம்பத்துக்குப் பின்னால், போன வருசத்துச் சீருடையோடு போய் நின்றாள். கோலில் நின்றது அவளிலும் சின்னப் பிள்ளை. சோளகத்தில் பந்து எப்படி வளையும் என்று அந்தப் பிள்ளைக்குப் பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருந்தாள்.

இடைவேளையில் தலைவர் பேசினார். கிராமத்தில் திறமை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அதற்குக் கழகமும் லீக்கும் தேசியச் சங்கமும் தத்தம் பொறுப்பை உணர்ந்து கைகோத்து உழைக்க வேண்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நன்றியுரை என்னுடையது. மைக்கை வாங்கினேன். அவர் சொன்ன மூன்று பெயரையும் சொல்லி நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பந்து வெளியே உருண்டு அவளுடைய காலடிக்கு வந்திருந்தது. அவள் அதைத் தொடாமல் நின்று, மைதானம் முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

"சின்னம்மா, தடையிலை இருக்கிற ஆள் வெளியாலை போற பந்தைப் பொறுக்கிப் போடலாமோ எண்டு கேளுங்கோ!"

சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மைக்கை வாயருகில் வைத்து, ஒரு சொல்லும் மாற்றாமல் அதையே தலைவரிடம் கேட்டேன். அவர் கொழும்பிலிருந்து வந்தவரைப் பார்த்தார். கொழும்பு அவரைப் பார்த்தது. இரண்டு பேரும் குனிந்து ஏதோ கதைத்தார்கள். பிறகு தலைவர் முகம் முழுக்கச் சிரிப்போடு என்னிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"அதை நீங்கள் கழக மட்டத்திலை தீர்மானிக்கலாம், தங்கச்சி."

நான் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவள் குனிந்து பந்தை எடுத்து உள்ளே எறிந்தாள். இரண்டாவது பாதி முழுக்க, கடல் பக்கம் போன ஒவ்வொரு பந்துக்குப் பின்னாலும் அவள்தான் ஓடினாள்.