போட்டவங்கதான் அணைக்கணும்

சினிமாவில் ஒலிப்பதிவு செய்கிறவனுக்கு முதல் எதிரி ஃபேன். இரண்டாவது எதிரி ஃப்ரிட்ஜ். வாயில் முழுங்கி முழுங்கிப் பேசும் நடிகர்கள் எல்லாம் அதற்கப்புறம்தான். எந்த வீட்டுக்குப் படப்பிடிப்புக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது சுவிட்ச் போர்டைத்தான். வீட்டுக்காரர்கள் முறைப்பார்கள். வேர்த்துக் கொட்டுகிற யூனிட் முழுக்க என்னைத் திட்டும். எனக்குப் பழகிவிட்டது.

அந்த வீட்டில் மட்டும் எனக்கு வரவேற்பு கிடைத்தது. கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் யாரோ எங்கள் ஆள் ஃபேனைப் போட்டுவிட்டிருந்தான். ஓர் இறக்கை லேசாக வளைந்த பழைய ஃபேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்று ஒரு சத்தம். நான் ஓடிப்போய் அணைத்தேன். சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அக்கா சிரித்தார்.

“அப்பாடா. இந்த வீட்ல ஃபேனை அணைக்க எனக்குத் துணைக்கு ஒரு ஆள் வந்தாச்சு.”

ஐம்பதைத் தாண்டியவர். ஆஸ்பத்திரியில் துணிக்கிடங்கைப் பார்த்துக்கொள்கிற வேலை. வெளுத்து வரும் படுக்கை விரிப்புகளை எண்ணி, மடித்து, வார்டு வார்டாக அனுப்புவார். தெரிந்தவர் ஒருவர் கெஞ்சிக் கேட்டதால் வீட்டை மூன்று நாள் எங்களுக்குக் கொடுத்தார். எங்களை நம்பி விட்டுப் போக மனசில்லாமல் அந்த மூன்று நாளும் லீவு போட்டுக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்தார். நம்பாதது சரிதான். முதல் மணி நேரத்திலேயே ஒரு ஜன்னல் கொக்கியை உடைத்துவிட்டோம்.

கை சும்மா இருக்காது அவருக்கு. கதாநாயகன் தூக்கிக்கொண்டு போக வேண்டிய பையைத் திறந்து பார்த்தார். உள்ளே கசக்கிப் போட்ட பழைய பேப்பர்.

“வீட்டை விட்டுப் போறானா, பழைய பேப்பர் கடைக்குப் போறானா?” என்று கேட்டுவிட்டு, அதைக் கொட்டி, நாயகனின் உடைகளையே நாலாக மடித்து அடுக்கிக் கொடுத்தார். மடிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.

மத்தியான இடைவேளையில், அந்த அறை யாருடையது என்று கேட்டேன்.

“பொண்ணோடது. வெளியூர்ல இருக்கா” என்றார். அதோடு நிறுத்திக்கொள்வார் என்று நினைத்தேன். மடிக்கத் துணி கையில் இருந்ததால் பேச்சும் வந்தது.

கணவர் இறந்தபோது மகளுக்கு ஏழு வயது. தனியாளாக வளர்த்தார். தலைமை நர்ஸின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி நர்ஸிங் படிப்பில் இடம் வாங்கிக் கொடுத்தார். மகள் இரண்டு வருஷம் படித்தாள். பிறகு ஒரு நாள் காலையில், ரத்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை, வேறு ஊரில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றாள். இவர், போறதுன்னா போ, திரும்பி வந்து இந்த வாசலை மிதிக்காதே என்றார். அவள் போனாள். நாலு வருஷமாக மிதிக்கவில்லை.

“நான் சொல்லி அவ கேட்டது அது ஒண்ணுதான்” என்றார் அக்கா.

சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. மகள் நன்றாகத்தான் இருக்கிறாள், அக்காவின் தங்கச்சியிடம் வாராவாரம் பேசுகிறாள், தங்கச்சி வந்து சொல்வாள் என்றார்.

“கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சு தம்பி. யார் முதல்ல போன் பண்றதுங்கறதுதான் பாக்கி. அவளுக்கும் என் ரத்தம்தானே, பண்ண மாட்டா.”

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்ததாம். ஃபேனோ லைட்டோ, போட்டவங்கதான் அணைக்கணும். மகள் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் தெருவுக்குப் போயிருப்பாள். இவர் வாசலில் நின்று “ஏய், ஃபேனு” என்று ஒரு சத்தம் போடுவார். அவள் முனகிக்கொண்டே திரும்பி வந்து அணைத்துவிட்டு ஓடுவாள். அம்மாவுக்கு அவள் வைத்திருந்த பெயர் ‘கரண்ட் ஆபீஸ்’.

எங்கள் இயக்குநருக்கும் யூனிட்டில் ஒரு பெயர் உண்டு. ‘ஒன்மோர்’. முதல் படம். எந்த டேக் எடுத்தாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். நாங்கள் எடுக்க வந்த காட்சி சின்னது. மகன் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு வீட்டை விட்டுப் போகிறான். அவ்வளவுதான், காகிதத்தில் நாலு வரி. அதை இரண்டு நாள் விதவிதமாக எடுத்தோம். அம்மா நிலைப்படியில் சரிந்து விழுந்தார். அம்மா கேட் வரை ஓடினார். மகன் கேட்டில் நின்று திரும்பிப் பார்த்தான். ரப்பர் குழாயில் மழை பெய்ய வைத்து, பக்கத்து வீட்டில் காயப்போட்டிருந்த துணியையெல்லாம் நனைத்து வாங்கிக் கட்டிக்கொண்டோம். அம்மாவாக நடித்த மூத்த நடிகைக்குக் கிளிசரின் போட்டுப் போட்டுக் கண் சிவந்துவிட்டது. ஒன்மோர் தலையில் கை வைத்துக்கொண்டு, “எல்லாம் இருக்கு. அவன் போன மாதிரியே இல்ல” என்றார்.

மூன்றாம் நாள் காலை. நான் வழக்கம்போல ஃபேனை அணைத்துவிட்டு வரும்போது அக்கா என்னை நிறுத்தினார்.

“தம்பி, ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கிட்டுப் போறவன் ஃபேனை அணைச்சிட்டா போவான்?”

“நான்தான் அணைச்சேன்க்கா. மைக்ல சத்தம் விழும்.”

“அது எனக்குத் தெரியுது. அவனுக்கு எப்படித் தெரியும்?”

ஒன்மோர் தலையிலிருந்து கையை எடுத்தார். “அப்ப அவன் போனதும் அம்மா வந்து அணைப்பாங்களாக்கா?”

அக்கா கையில் இருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“என் பொண்ணு போனப்ப அந்த ரூம்ல ஃபேன் ஓடிட்டிருந்துச்சு. தெரு முனை திரும்பற வரைக்கும் அவ கண்ணுல பட்டா. ‘ஏய், ஃபேனு’ன்னு ஒரு குரல் குடுத்திருந்தா திரும்பி வந்திருப்பா. பழக்கம் அப்படி. என்னைத் திட்டிக்கிட்டேயாவது வந்திருப்பா.”

“குடுக்கலையா?”

“வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.”

“அப்புறம்?” என்றார் ஒன்மோர் மெதுவாக.

“அப்புறம் என்ன? உள்ள வந்தேன். கை சுவிட்ச் வரைக்கும் போச்சு. அணைக்க மனசு வரல. ஓடட்டும்னு விட்டுட்டேன். நாலு நாள் ஓடிச்சு. தங்கச்சி வந்து பாத்துட்டுத் திட்டி அணைச்சா.”

மூத்த நடிகை அதுவரை நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறக்காமலே, “எந்தக் கைம்மா?” என்று கேட்டார்.

“வலது கை. இடது கைல அவ தண்ணி குடிச்ச டம்ளர் இருந்துச்சு.”

ஃபேன் ஓடினால் வசனம் கேட்காது என்று நான் கடமைக்குச் சொன்னேன். வசனமே வேண்டாம் என்றார் ஒன்மோர். கிளிசரினும் வேண்டாம், மழையும் வேண்டாம். மகன் பையை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு நாளாகத் திரும்பிப் பார்த்த பையன், இந்த முறை பார்க்கவில்லை. நடிகை டம்ளரோடு அறைக்குள் வந்தார். வலது கை சுவிட்சுக்குப் போனது. அங்கேயே நின்றது. கீழே இறங்கியது. ஃபேன் ‘டக், டக்’ என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரே டேக். ஒன்மோர் ஒன்மோர் கேட்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. காட்சி முடிந்ததும் எல்லோரும் இருந்த இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். யாருமில்லாத அறை என்ன சத்தம் போடுகிறதோ அதை மட்டும் ஒரு நிமிஷம் பதிவு செய்துகொள்வேன். பிறகு ஒலியில் விழுகிற இடைவெளிகளை ஒட்டுப்போட உதவும். அன்றைக்கு ஃபேனோடு பதிவு செய்தேன். முப்பது பேர் மூச்சை அடக்கி நின்றார்கள். அக்கா சமையலறை வாசலில், துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் போதும்தான். நான் மூன்று நிமிஷம் ஓடவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாமானை மூட்டை கட்டும்போது அக்கா என் பக்கம் வந்தார்.

“இது எந்தெந்த ஊர்ல ஓடும் தம்பி?”

எந்த ஊரை மனசில் வைத்துக் கேட்கிறார் என்று தெரிந்தது. “சின்னப் படம்க்கா. சொல்ல முடியாது” என்றேன். உண்மையைச் சொன்னதற்காக வண்டியில் வரும் வழியெல்லாம் என்னையே நொந்துகொண்டேன்.

கடைசிக் கட்ட வேலையில் இசையமைப்பாளர் அந்த இடத்தில் வயலினை இழைய விட்டிருந்தார். ஃபேன் சத்தம் சுத்தமாக அமுங்கிப் போயிருந்தது. எத்தனையோ வருஷமாக ஃபேனை அணைத்தே பிழைத்தவன், முதல் தடவையாக ஒரு ஃபேனுக்காகச் சண்டைக்குப் போனேன். தயாரிப்பாளர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் விடவில்லை. ஒன்மோரும் என் பக்கம் நின்றார். வயலின் போனது, ‘டக்’ இருந்தது.

படம் ஒரு வாரம் ஓடியது. அக்கா நினைத்த ஊருக்கு அது போகவே இல்லை. பல மாதம் கழித்து போனில் பார்க்கிற மாதிரி எங்கேயோ வந்தது. நான் மறந்தே போயிருந்தேன். அப்போதுதான் ஒரு வியாழக்கிழமை காலையில் அக்கா போனில் கூப்பிட்டார்.

“அவ பேசினா தம்பி.”

பேக்கரியில் கூட வேலை பார்க்கிறவள் போனில் படத்தை ஓடவிட்டுக்கொண்டு தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாளாம். மகள் மாவு பிசைந்துகொண்டிருந்திருக்கிறாள். படத்தை அவள் பார்க்கவே இல்லை. முதுகுப் பக்கம் ‘டக், டக்’ என்று கேட்டதும் கை நின்றுவிட்டதாம். கையில் மாவோடு போனைப் பிடுங்கி, சுவிட்ச் வரை போன கை அணைக்காமல் இறங்குவதைப் பார்த்திருக்கிறாள்.

“‘அம்மா, அது நம்ம வீட்டு ஃபேன்தானே’ன்னா. அஞ்சு வருஷம் கழிச்சு முதல் வார்த்தை அது. ஆமான்னேன். ‘அன்னைக்கு நான் அணைக்காமயா போனேன்’ன்னா. ஆமான்னேன். ‘எவ்வளவு நேரம் ஓடிச்சு’ன்னா. நாலு நாள்னேன். அப்புறம், ‘நீயா? கரண்ட் ஆபீஸா?’ன்னு அழுதா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்றது? போட்டவங்கதான் அணைக்கணும், வந்து அணைன்னேன்.”

“வர்றாளாக்கா?”

“ஞாயித்துக்கிழமை.”

வேறென்ன பேசுவது என்று தெரியாமல் இருவரும் சும்மா இருந்தோம். என் காது சும்மா இருக்காது, அது தொழில் வியாதி. அக்காவின் மூச்சுக்குப் பின்னால், இரண்டு சுவர் தள்ளி, ‘டக், டக்’ என்று கேட்டது.

“அக்கா, அந்த ரூம்ல யாராவது இருக்காங்களா?”

“இல்லையே.”

“ஃபேன் ஓடுதே.”

“ஓடட்டும்” என்றார். “அவ வந்து அணைக்கட்டும்.”