அண்ணை பார்த்துக்கொண்டிருந்த வெயில்

முன்பெல்லாம் நான் சோறு வடிக்கிற நேரத்தில்தான் அண்ணையின் அழைப்பு வரும். எனக்கு மத்தியானச் சமையல், சுவிஸில் இருக்கும் அவருக்கு வேலைக்குப் புறப்படுகிற நேரம். பானையைச் சரித்து வைத்துவிட்டு ஈரக் கையோடு போனை எடுப்பேன். சுகமாக இருக்கிறாயா என்று கேட்கமாட்டார். "பற்றறி எத்தினை வீதம் நிக்குது பிள்ளை?" என்பதுதான் முதல் வார்த்தை. உரும்பிராயில் அவர் கட்டிய வீட்டுக் கூரையில் விழும் வெயில் எவ்வளவு கறண்டாகிறது, அதில் எவ்வளவு பற்றறியில் சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருடைய போனிலேயே தெரியும். ஆனாலும் கேட்பார். இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கிற நான் அங்கே நடந்து போய், சுவரில் பூட்டிய பெட்டியின் முன்னால் நின்று, பார்த்துச் சொன்னால்தான் அவருக்கு மனம் ஆறும்.

அண்ணை மீசை அரும்பிய வயதில் நாட்டைவிட்டுப் போனவர். உணவகமொன்றின் குசினியில் பாத்திரம் கழுவத் தொடங்கி, அதே குசினியில் சமையற்காரராகி, அங்கேயே முடி நரைத்தவர். எங்கள் எல்லோருடைய கலியாணமும் அவருடைய அந்த வெக்கையிலிருந்து வந்தது. தனக்கென்று அவர் செய்தது இந்த வீடு ஒன்றுதான். கட்டி முடித்துக் குடிபுகுதலும் செய்துவிட்டு அவர்கள் சுவிஸுக்குத் திரும்பிய கொஞ்சக் காலத்துக்குள் அவருடைய மனைவிக்கு, என் மச்சாளுக்கு, வருத்தம் வந்துவிட்டது. நுரையீரல் மெல்ல மெல்ல இறுகிப்போகிற வருத்தம். முதலில் மாடிப்படி ஏற முடியவில்லை, பிறகு பேச மூச்சு வாங்கியது, பிறகு இரவு முழுக்க ஒட்சிசன் மெசின் ஓடினால்தான் உறங்கலாம் என்றாயிற்று. மச்சாள் உடுவிலில் பிறந்து வளர்ந்தவர். அதிகம் ஆசைப்படாத மனிசி. "ஒரு மாசம் ஊரிலை, நாங்கள் கட்டின வீட்டிலை போய்ப் படுத்தெழும்பினால் காணும்" என்று அவர் கேட்டதை அண்ணையால் தட்ட முடியவில்லை. ஆனால் அந்த நாட்களில் இங்கே கறண்ட் நின்றால் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. மெசின் நின்றால் மச்சாளின் மூச்சும் நிற்கும். அதனால்தான் சோலர் பூட்டுவது என்று அண்ணை முடிவெடுத்தார்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் ஒரு வேலை செய்விப்பதென்றால், ஊரில் இருக்கிற ஒருவர் அதற்குக் காலும் கையுமாக வேண்டும். அது நான். கூட்டுறவுச் சங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இனியாவது கொஞ்சம் இருப்போம் என்று நினைத்திருந்த நேரம். சோலர் பூட்ட வந்தவர், கூரையில் பூட்டுகிற தகடு மட்டும் போதாது என்று விளங்கப்படுத்தினார். "கறண்ட் நிண்டால் உந்தத் தகடும் தானாய் நிண்டிடும் அக்கா. லைனிலை வேலை செய்யிற ஆளுக்கு அடிக்கக் கூடாதெண்டுதான் அப்பிடி. பற்றறியும் வைச்சால்தான் வீடு தனிய ஓடும்." அதை அண்ணைக்குச் சொன்னேன். பற்றறியும் வந்தது. கூரையில் ஆட்கள் ஏறி நின்றபோது அவர் வேலைத்தலத்திலிருந்தே போனில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முற்றத்தில் நின்று கை உளைய உளைய போனை உயர்த்திப் பிடித்திருந்தேன். திரையில் அவருடைய வெள்ளை ஏப்ரனும் பின்னால் எழும்பும் ஆவியும் தெரிந்தன. தென்னோலை நிழல் விழுகிறதா, தகடு தெற்குப் பக்கம் பார்க்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

பூட்டி முடிந்த பிறகும் என் நடை நிற்கவில்லை. மார்கழி மழையில் நாட்கணக்காக வெயில் இல்லை. பற்றறி இறங்குவதை அங்கிருந்து பார்த்துவிட்டு அழைப்பார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் அழைப்பார். மழை விட்டபின், மெயினை நிற்பாட்டிவிட்டு, மச்சாளின் மெசின் இழுக்கிற அளவுக்குக் காற்றாடிகளையும் குளிர்ப்பெட்டியையும் ஓடவிட்டு, விடியும்வரை தாங்குகிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். ஆளில்லாத வீட்டில் மூன்று காற்றாடிகள் சுழல நான் தனியே படுத்திருந்தேன். தாங்கியது. "சரி, அப்ப வாறம்" என்றார். அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சிக்காக என் முழங்கால் வலியை நான் கணக்கில் எடுக்கவில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தார்கள். வீட்டுக்கென்றே ஒரு மெசினை அண்ணை முன்கூட்டி வாங்குவித்திருந்தார். வெளியே கொண்டுபோக, தோளில் தொங்கவிடக்கூடிய சின்னது ஒன்று கையோடு வந்தது. இரண்டாம் நாளே கறண்ட் நின்றது. எங்களுக்கு அது தெரியவில்லை. விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டரின் சத்தம் அறுந்ததைக் கேட்டுத்தான் அண்ணை முற்றத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, நாற்பது வருடக் களைப்பை அன்றுதான் இறக்கி வைத்தவர்போலக் கதிரையில் இருந்தார்.

ஆனால் இறக்கி வைத்ததை அடுத்த நாளே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பகல் முழுக்க போனும் கையுமாக இருந்தார். நாங்கள் எரியவிட்டுப்போன விளக்குகளைப் பின்னால் வந்து நூர்த்தார். பார்க்க வந்த சனத்துக்குக் காற்றாடி போட்டால் முகம் மாறும். மச்சாள் கோயிலுக்குப் போக வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் இன்றைக்கு வெயில் கூட, நாளைக்குச் சனம் கூட, சின்ன மெசினின் சார்ஜ் காணாது என்று ஏதாவது சொன்னார். ஒருநாள் நான் தலைவாரி விட்டுக்கொண்டிருந்தபோது மச்சாள் மெதுவாகச் சொன்னார்: "உன்ரை அண்ணை என்னைக் கூட்டிக்கொண்டு வரேல்லை. மெசினைத்தான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நான் அதோடை ஒட்டிக்கொண்டு வந்தனான்."

அடுத்த நாள் மத்தியானம் அண்ணை சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம், நானும் மச்சாளும் ஓட்டோவில் நல்லூருக்குப் போனோம். கோயிலுக்குள் போகவில்லை. வீதியோரம் நிழலில் ஓட்டோவை நிற்பாட்டி, உள்ளேயே இருந்தோம். மத்தியானப் பூசை முடிந்து வெறுமையாகக் கிடந்த மணல் வீதியையும் கோபுரத்தையும் பார்த்து மச்சாள் கும்பிட்டார். பிறகு ஐஸ்கிறீம் வேண்டும் என்றார். வாங்கிக் கொடுத்தேன். மூக்கில் குழாயோடு, ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் இடையில் மூச்சு வாங்கி வாங்கி, அது உருகி முழங்கைவரை வழிய வழிய, முழுதையும் சாப்பிட்டு முடித்தார். திரும்பி வந்தபோது அண்ணை படலையில் நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து சின்ன மெசினின் திரையைத்தான் பார்த்தார். "பாதி மிச்சம் இருக்குது, பாருங்கோ" என்றார் மச்சாள். அண்ணை மச்சாளுடைய கையில் ஒட்டியிருந்த ஐஸ்கிறீமைத் தன் சாரத்தலைப்பால் துடைத்துவிட்டார்.

அவர்கள் திரும்பிப் போய், அங்கே பனி கொட்டத் தொடங்கிய காலத்தில் மச்சாள் போய்விட்டார். செத்தவீட்டை நான் போனில் பார்த்தேன்.

சில கிழமைகள் கழித்து அண்ணையின் அழைப்பு மீண்டும் வந்தது. அதே நேரம், அதே கேள்வி. பதில் சொன்னேன். பற்றறி எப்போதும் நிறைந்தே இருந்தது. வெறும் வீடு, செலவழிக்க ஆளில்லை. அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை. "போனிலை பற்றறிக் கோடு அசையாமல் கிடக்குது பிள்ளை. பின்னேரத்திலை போய் ரெண்டு லைற்றைப் போட்டு விடுவியே?" என்று கேட்டார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பின்னேரம் போய் விளக்குப் போடுவதும், காலையில் போய் நூர்ப்பதும், தூசு தட்டுவதுமாக ஒரு வருடத்துக்கு மேல் போனது. பனி பெய்கிற ஊரில் ஒரு மனிதர் தன் போனில் ஒரு கோடு அசைவதைப் பார்ப்பதற்காக நான் நடந்துகொண்டிருந்தேன்.

பிறகு அவர் தனியே வந்தார். ஒருநாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனபோது வீட்டுக்குள் மெசினின் சத்தம் கேட்டது. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அண்ணை கட்டிலின் ஒரு ஓரத்தில் நல்ல நித்திரை. மற்றப் பக்கத்தில் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் சுருட்டியபடியே அதன்மேல் கிடந்தது. நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் குசினியில் இருந்தேன். எழும்பி வந்தவர் என்னைக் கண்டதும் தயங்கினார். "அந்தச் சத்தம் இல்லாமல் கண்மூட ஏலாமக் கிடக்குது" என்றார். நான் சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். அவர் சாப்பிடுகிற மட்டும் காத்திருந்து, மனதில் கிடந்ததைச் சொன்னேன்.

"அண்ணை, எனக்கு இனி ஏலாது. நாளும் பொழுதும் வந்து லைற் போட என்ரை கால் விடுகுதில்லை."

அவர் சாப்பிட்ட கோப்பையைத் தள்ளி வைத்தார். "எனக்கும் ஏலாதுதான் பிள்ளை" என்றார்.

போவதற்கு முதல் அவரே வீட்டுக்கு ஆள் பார்த்தார். வன்னியிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு ஆசிரியை, புருசன், மூன்று பிள்ளைகள். வாடகை வேண்டாம், வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். மெசினைத் தன்னோடு கொண்டுபோகவில்லை. ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

இப்போது அவருடைய அழைப்பு எப்போதாவதுதான் வருகிறது. போன கிழமை வந்தது. என்ன சமைக்கிறாய் என்று கேட்டார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "இண்டைக்கு விடியவெள்ளன பற்றறி கனக்க இறங்கியிருக்குது பிள்ளை" என்றார்.

"பள்ளிக்கூடம் துவங்கிட்டுது அண்ணை. மூண்டு பிள்ளையளின்ரை வெள்ளைச் சட்டையும் அயன் பண்ண வேணுமெல்லோ?"

எதிர்ப்பக்கத்தில் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது. இப்படி இறக்கினால் பற்றறி பழுதாகிவிடும், போய்ச் சொல்லிவிட்டு வா என்று சொல்லப்போகிறார் என நினைத்து, செருப்பு எங்கே கிடக்கிறதென்று பார்த்தேன்.

"பாவிக்கட்டும்" என்றார் அண்ணை. "பிறகு வெயில் ஏறினால் நிரம்பும்தானே. நீ உந்த வெயிலுக்குள்ளை திரியாதை."